கந்தளாயில் கண்மூடிய அரசனும் கடலுக்கு நீர்விடாத அரசனும்

1153ஆம் ஆண்டளவில், இலங்கையின் திருகோணமலை மாவட்டத்துக் கந்தளாயில் ஓர் அரசன் இறந்தான். பொலன்னறுவையிலிருந்து இராசரட்டையை, அதாவது இலங்கையின் வடபகுதி நாட்டை, 22 ஆண்டு ஆண்டவன். கடைசிக் காலத்தில் தலைநகரை விட்டுவந்து இந்தக் குளக்கரையில் தங்கியவன். பெயர் கஜபாகு. அவன் விட்டுப்போன அரியணையில் ஏறியவன்தான் பராக்கிரமபாகு. பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்தில் பராக்கிரமபாகுவுக்குப் பக்கம் பக்கமாக இடம் உண்டு. கஜபாகு, அவனிடம் தோற்றவனாக ஒரு வரியில் வந்து போவான்.

திருமலையில், அதாவது திருகோணமலையில், பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கு மாறித் தெரியும். இங்கே கோணேசர் கோயில் மரபோடு ஒட்டி நிற்கும் பெயர் கயவாகு, கஜபாகுவின் தமிழ் வடிவம். பராக்கிரமபாகு என்றால் பொலன்னறுவைக்குப் போகும்போது கண்ணில் படும் பராக்கிரம சமுத்திரம் என்ற அந்தப் பெரிய குளம், அவ்வளவுதான். ஒரே காலத்தில் ஒரே நாட்டுக்காக மோதிய இருவரில் ஒருவரை ஒரு மரபும் மற்றவரை இன்னொரு மரபும் பிடித்துவைத்துக்கொண்டன. இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டு மரபுமே பாதிப் படத்தைத்தான் தருகின்றன என்பது என் எண்ணம்.

ஒன்றை முதலில் தெளிவாக்கிவிட வேண்டும். சிலப்பதிகாரத்தில் கண்ணகி விழாவுக்கு வந்ததாகச் சொல்லப்படும் 'கடல்சூழ் இலங்கைக் கயவாகு' வேறு. அவன் 2ஆம் நூற்றாண்டுக்காரன், முதலாம் கஜபாகு. நாம் பேசுவது அவனுக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு பிந்திய இரண்டாம் கஜபாகுவைப் பற்றி. கோணேசர் கோயில் மரபு சொல்லும் கயவாகு இவனாகவே இருக்க வேண்டும் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். கந்தளாயோடு இவனுக்கு இருந்த உறவைப் பார்க்கையில் அது பொருந்தித்தான் வருகிறது.

இருவரும் நெருங்கிய சொந்தம். 1070இல் சோழரைப் பொலன்னறுவையிலிருந்து வெளியேற்றிய முதலாம் விஜயபாகுவுக்குக் கலிங்கத்து அரசி திலோகசுந்தரியிடம் பிறந்தவன் விக்கிரமபாகு. அவன் மகன் கஜபாகு. அதே அரசியின் மகள் இரத்தினாவலி. அவள் மகன் பராக்கிரமபாகு. நம் முறையில் சொன்னால் இவர்கள் மாமன் மகனும் மாமி மகனும், மச்சான்மார். பராக்கிரமபாகுவோடு உடன்பிறந்த பத்திரவதியைக் கஜபாகு மணந்தான் என்று, மகாவம்சத்தின் தொடர்ச்சியான பாளி வரலாற்று நூலாகிய சூளவம்சம் சொல்கிறது. அதுவும் நமக்கு அந்நியமான முறை அல்ல.

இரத்தினாவலியின் கணவன் மானாபரணன் வழியைப் பார்த்தால் இன்னொரு செய்தி கிடைக்கும். விஜயபாகு தன் சகோதரி மித்தாவைப் பாண்டிய இளவரசன் ஒருவனுக்குக் கொடுத்திருந்தான். அவர்களுக்குப் பிறந்த மூன்று ஆண்மக்களில் ஒருவன் இந்த மானாபரணன். ஆக, பராக்கிரமபாகுவின் தந்தைவழிப் பாட்டன் ஒரு பாண்டியன். இராமேசுவரத்துக்குப் படை அனுப்பியவன், தமிழ்நாட்டுக் கல்வெட்டில் பகைவனாகப் பதிவானவன், பாண்டியப் பேரன். இன்றைய வேலிகளை அந்தக் காலத்துக்குக் கொண்டுபோய் நட முடியாது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

கஜபாகு பட்டத்துக்கு வந்தபோது நாடு ஏற்கெனவே துண்டுபட்டிருந்தது. இராசரட்டை அவன் கையில். தென்மேற்கே தக்கண தேசமும் தென்கிழக்கே உறுகுணையும் மானாபரணனின் சகோதரர்களான கீர்த்திசிறிமேகன், சிறிவல்லபன் ஆகியோர் கையில். இவர்கள் கஜபாகுவின் வேளைக்காரப் படையைப் பணம் கொடுத்துத் தம் பக்கம் திருப்பி, இரண்டு திசையிலிருந்தும் தாக்கினார்கள். வேளைக்காரர் என்போர் அரசனுக்காக உயிர் கொடுப்பதாகச் சபதம் செய்த படையினர், பெரும்பாலும் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள். அப்படிப்பட்ட காவற்படையே கைமாறியபோதும் கஜபாகு நின்று பொருதான், இரு படையையும் பின்வாங்க வைத்தான். அவனைக் கோழையென்றோ கையாலாகாதவனென்றோ நினைப்பவர்கள் இந்த இடத்தை மறந்துவிடுகிறார்கள்.

பராக்கிரமபாகு வேறு வார்ப்பு. இளைஞனாக இருந்தபோது வளர்த்த சிற்றப்பன் கீர்த்திசிறிமேகனை விட்டுக் கஜபாகுவின் நாட்டுக்குள் வந்தான். கஜபாகு அவனை உபசரித்து வைத்துக்கொண்டான். விருந்தாளியாக இருந்த காலத்தில் அவன் செய்தது வேவு. பாடகர், வணிகர், துறவியர், பாம்பாட்டிகள் என்று பல வேடங்களில் ஆட்களை அனுப்பி நாட்டின் மூலை முடுக்கையும், யார் யார் அரசன்மேல் மனக்குறையோடு இருக்கிறார்கள் என்பதையும் அறிந்துகொண்டான். இதைச் சூளவம்சம் குற்றமாகச் சொல்லவில்லை, திறமையாகப் புகழ்கிறது. அரசியல் திறமை என்ற அளவில் அது உண்மையும்கூட. ஆனால் உண்ட வீட்டை வேவு பார்த்தவன் என்ற எண்ணம் படிக்கும்போது மனதில் உறுத்தாமல் இருக்காது.

பிறகு அவன் தக்கண தேசத்துக்கு அரசனானான். போருக்கு முன் அவன் செய்த வேலைதான் அவன் பெருமையின் உண்மையான அடித்தளம். மழையாக விழும் நீரில் ஒரு சிறிதும் மனிதருக்குப் பயன்படாமல் கடலுக்குப் போகக்கூடாது என்ற அவன் பேச்சு எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது, அந்தப் பேச்சையொட்டி நடந்த தெதுறு ஓயாத் திருப்பணி. அந்த ஆற்றைக் கட்ட முடியாது, கட்டினாலும் நிற்காது என்று அமைச்சர்கள் சொன்னார்கள். அதற்கு அவன் காட்டிய உதாரணம் இராமர் அணை: வானரங்களை வைத்தே கடலில் அணை கட்டினான் என்று உலகம் இன்றும் பேசுகிறதே, முயற்சி உள்ளவனுக்கு முடியாதது என்ன இருக்கிறது? பௌத்த பிக்கு எழுதிய பாளி நூலில், சிங்கள அரசனின் வாயில், இராமாயணம். அணையும் கட்டி முடிந்தது.

வயல் பெருகியது. மணிக்கற்களைக் கப்பலில் வெளிநாட்டுக்கு அனுப்பிப் பொருள் சேர்த்தான். படையைப் பயிற்றுவித்தான். இவ்வளவும் ஆன பிறகே கஜபாகுவின் எல்லையைத் தொட்டான். குளத்தில் தொடங்கிப் படையில் முடிந்த அந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். கஜபாகு அவ்வப்போது வந்த ஆபத்தை அவ்வப்போது எதிர்கொண்டவன். பராக்கிரமபாகு பத்துப் போகத்துக்கு அப்பால் கணக்குப் போட்டவன்.

போரில் பொலன்னறுவை விழுந்தது, கஜபாகு சிறைப்பட்டான். ஆனால் வென்ற படை நகரத்து வீடுகளில் புகுந்து கொள்ளையிட்டது. கொதித்துப்போன மக்கள் உறுகுணைச் சிறிவல்லபனின் மகனான இளைய மானாபரணனை அழைத்தார்கள். அவன் வந்து கஜபாகுவை விடுவித்தான். விடுவித்த கையோடு தானே அவனைச் சிறைவைத்து நாட்டை எடுத்துக்கொள்ளப் பார்த்தான். வேறு வழியில்லாமல் கஜபாகு தன்னை முதலில் தோற்கடித்த பராக்கிரமபாகுவுக்கே இரகசியமாக ஆள் அனுப்பினான். அவனும் படை அனுப்பினான். கஜபாகு தப்பினான், பழையபடி சண்டை மூண்டது. கடைசியில் பிக்குகள் நடுவில் நின்று சமாதானம் செய்துவைத்தார்கள்.

அந்த உடன்படிக்கை கல்லில் இருக்கிறது. குருநாகல் பக்கத்துச் சங்கமு விகாரைக் கல்வெட்டில், இருவரும் உயிரோடு உள்ளவரை ஒருவரோடொருவர் போர் செய்வதில்லை என்றும், முன்னே இறப்பவரின் நாடு மற்றவருக்கு என்றும், ஒருவரின் பகை இருவருக்கும் பகை என்றும் பொறித்திருக்கிறது. இராசரட்டையைப் பராக்கிரமபாகுவுக்குக் கொடுத்ததாகக் கஜபாகு மெதிரிகிரிய விகாரையில் கல்லில் வெட்டுவித்தான் என்று சூளவம்சமும் சொல்கிறது. அதன் பிறகுதான் அவன் கந்தளாய்க்கு வந்தான்.

ஏன் கந்தளாய்? போவதற்கு இடமில்லாமல் ஒதுங்கிய மூலை என்று படிப்பவர்கள் நினைக்கலாம். 12ஆம் நூற்றாண்டுக் கந்தளாய் அப்படிப்பட்ட ஊர் அல்ல. பாளி நூல்கள் கங்காதடாகம் என்று சொல்லும் குளம் இதுதான். 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டாம் அக்கபோதி கட்டியதாகச் சூளவம்சம் சொல்கிறது. தமிழ் மரபு குளக்கோட்டன் என்ற அரசன் கட்டியதாகச் சொல்கிறது. சோழர் காலத்தில் இங்கே பிராமணக் குடியிருப்பு ஒன்று இருந்தது, இராசராசச் சதுர்வேதிமங்கலம் என்ற பெயரில். சோழர் போன பிறகு அது அழியவில்லை, விஜயராசச் சதுர்வேதிமங்கலம் என்று பெயர் மாறியது. சோழரைத் துரத்திய அதே விஜயபாகுவின் பெயர்.

பக்கத்துப் பாலம்போட்டாறு, பழமோட்டைப் பகுதியில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று, அந்தச் சதுர்வேதிமங்கலத்தில் தென்கயிலாசம் ஆகிய விஜயராச ஈஸ்வரம் என்ற சிவன் கோயிலைக் குறிக்கிறது. இறந்துபோன கணவனின் நினைவாக நங்கைசானி என்ற பிராமணப் பெண் கொடுத்த தானம் அது. தானத்தைக் காக்கும் பொறுப்பு வேளைக்காரப் படையிடம் ஒப்படைக்கப்படுகிறது. ஒரு கைம்பெண்ணின் பொன்னுக்குப் படைவீரர் காவல். இந்த ஒரு கல்லே அன்றைய கந்தளாயைக் கண்முன் நிறுத்தும்: குளம், வயல், கோயில், அந்தணர் சபை, படைமுகாம், கிழக்கே ஒரு நாள் நடையில் கொட்டியாரக் குடாவும் துறைமுகமும்.

இப்போது கஜபாகு இங்கே வந்ததற்குக் காரணம் புரியும். அவனை ஏற்கும் மனிதர் இருந்த இடம் இது. திருகோணமலை மாவட்டத்து மாங்கனாயிலும் அவன் பெயர் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. இந்தக் கீழைக்கரைத் தமிழ்ச் சமூகத்தோடு அவனுக்கு இருந்த உறவு முதுமையில் தேடிக்கொண்டது அல்ல.

அந்த உறவைத்தான் சூளவம்சம் அவன்மேல் குற்றமாகச் சுமத்துகிறது. வெளிநாட்டிலிருந்து பிறசமயத்துப் பிரபுக்களை வரவழைத்து இராசரட்டையைப் பொய்ச்சமய முட்களால் நிரப்பினான் என்கிறது. இதைப் படிக்கும்போது யார் எழுதியது, யாருக்காக எழுதியது என்று கேட்க வேண்டும். சூளவம்சத்தில் பராக்கிரமபாகுவின் கதை மட்டும் ஏறத்தாழ 18 அத்தியாயங்களில் நீள்கிறது. எழுதியவருக்கு அவன்தான் காப்பியத் தலைவன். காப்பியத் தலைவன் தன் மச்சானுடைய நாட்டைப் பிடித்ததற்கு ஒரு நியாயம் வேண்டியிருந்தது. சமயம் அதற்குக் கைகொடுத்தது.

இதே நூல் பராக்கிரமபாகுவின் பிறப்பிலும் பூணூல் சடங்கிலும் வேதம் வல்ல பிராமணர்கள் கிரியை செய்ததைச் சொல்லிப் பெருமைப்படுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிராமணர் ஒருவன் அரண்மனையில் அணி, இன்னொருவன் அரண்மனையில் முள்.

இதற்காகப் பராக்கிரமபாகுவின் 33 ஆண்டு ஆட்சியைக் குறைத்துப் பேச நான் ஆயத்தமில்லை. கஜபாகு இறந்ததும் அமைச்சர்கள் உடன்படிக்கையை மீறி இளைய மானாபரணனை அழைத்தார்கள். அவனையும் வென்ற பிறகே பராக்கிரமபாகுவால் முடிசூட முடிந்தது. மூன்றாகக் கிடந்த நாட்டை ஒன்றாக்கினான். மகாவிகாரை, அபயகிரி, ஜேதவனம் என்று நூற்றாண்டுக்கணக்கில் பிளந்து கிடந்த பௌத்த சங்கத்தை 1165இல் ஒரே ஒழுங்குக்குள் கொண்டுவந்தான். 163 பெருங்குளங்கள், 2,376 சிறுகுளங்கள் என்று அவன் கட்டியவையும் திருத்தியவையும் பற்றிச் சொல்லப்படும் கணக்கில் புகழ்ச்சி கலந்திருக்கலாம். பராக்கிரம சமுத்திரத்தின் கட்டில் நின்று அக்கரையைத் தேடிப் பார்த்த எவருக்கும் அந்தக் கணக்கின் சாரத்தில் ஐயம் வராது.

எனக்கு அவன் செயல்களில் மிகவும் பிடித்தது குளம்கூட அல்ல, நயினாதீவில் இருக்கும் ஒரு தமிழ்க் கல்வெட்டு. ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் பரதேசி, அதாவது வெளிநாட்டு, வணிகர் பாதுகாப்பாகத் தங்க வேண்டும் என்று தொடங்கி, யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு மட்டும் அரசனின் பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு என்று விதிக்கிறது. மற்றச் சரக்குக் கப்பல் உடைந்தால் சரிபாதி. கரையொதுங்கியது எல்லாம் அரசனுக்கே என்று அள்ளிக்கொள்ளும் வழக்கம் பல நாடுகளில் இருந்த காலம் அது. படைக்கு வேண்டிய யானையையும் குதிரையையும் கொண்டுவருபவனுக்கு நட்டம் குறைந்தால்தான் அடுத்த கப்பல் வரும் என்று கணக்குப் பார்த்த மூளை இது. அந்தச் சட்டத்தை வணிகரும் துறைக்காரரும் படிக்கும் மொழியில், தமிழில், வெட்டுவித்தான்.

அதே மூளையின் மறுபக்கமும் இருக்கிறது. உறுகுணையில் இளைய மானாபரணனின் தாய் சுகலா தேவி புத்தரின் தந்ததாதுவை வைத்துக்கொண்டு கிளர்ந்தபோது அதை அடக்கிய விதம் கொடியது. கழுவேற்றியதையும் எரித்ததையும் அவனைப் புகழும் நூலே மறைக்காமல் சொல்கிறது. பர்மாவுக்குக் கப்பற்படை போனது. பாண்டிய அரியணைப் போட்டியில் தலையிட்டு, தளபதி இலங்காபுரன் தலைமையில் போன படை இராமேசுவரத்தைப் பிடித்தது. பிடிபட்ட தமிழரை இங்கே கொண்டுவந்து அனுராதபுரத்துத் தூபியைத் திருத்தும் வேலையில் ஈடுபடுத்தினார்கள். காஞ்சிபுரம் பக்கத்து ஆர்ப்பாக்கம் கல்வெட்டில் அந்த நாட்களின் அச்சம் அப்படியே இருக்கிறது: இராமேசுவரம் கோயிலை மூடிச் சூறையாடிய ஈழப்படை அழிய வேண்டுமென்று உமாபதி தேவர் 28 நாள் பூசை செய்ததும், அதற்காக அந்த ஊர் அவருக்குத் தானமாகக் கிடைத்ததும். திருவாலங்காட்டுக் கல்வெட்டோ, ஊராத்துறை, மாதோட்டம் முதலிய இடங்களில் பராக்கிரமபாகு கப்பல் கட்டியதையும், சோழர் அனுப்பிய படை அங்கெல்லாம் புகுந்து அழித்ததையும் சொல்கிறது. அவன் தொடங்கிய போருக்கு விலை கொடுத்தவை நம் வடகரைத் துறைகள்.

இவ்வளவுக்கும் பணம்? அவனுக்குப் பின் வந்த நிசங்கமல்லன், பராக்கிரமபாகு வழக்கத்துக்கு மீறி விதித்த வரியால் மக்கள் நொந்துபோயிருந்தார்கள் என்றும், தான் அந்த வரியை நீக்கியதாகவும் கல்லிலேயே எழுதினான். தற்புகழ்ச்சிக்காரன்தான், இருந்தாலும் இது ஆதாரமில்லாத பேச்சாகத் தோன்றவில்லை. 1186இல் பராக்கிரமபாகு இறந்தான். முப்பது ஆண்டு கழிவதற்குள், 1215இல், கலிங்க மாகன் பொலன்னறுவையைப் பிடித்தான். இடையில் அரியணை எத்தனையோ கை மாறியிருந்தது. ஒரு மனிதனின் ஆற்றலைச் சுற்றிக் கட்டிய ஆட்சி அவனுக்குப் பின் நிற்கவில்லை.

நின்றது குளம். குளமும் தானாக நிற்பதில்லை. 1986 ஏப்ரல் 20ஆம் திகதி விடியற்காலையில் கந்தளாய்க் கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டதை இந்த மாவட்டம் மறக்காது. நீர் திறக்கும் துருசையும் மிகைநீர் வழியும் வானையும் பார்த்து, கட்டில் விழும் சிறு பொட்டையும் அடைக்கும் கைகள் தலைமுறை தலைமுறையாக வேண்டும். தம்பலகாமத்து வயற்காரர் இந்தக் குளத்துக்கென்று மகாவேள்வி நடத்திவந்ததன் உட்பொருளும் அதுதான் என்று நினைக்கிறேன். பராக்கிரமபாகு திருத்தியதாகச் சொல்லப்படும் குளங்களில் பெரும்பாலானவை அவனுக்கு முன்பே யாரோ கட்டியவை. கட்டியவனுக்கும் திருத்தியவனுக்கும் நடுவில் பெயர் தெரியாத எத்தனையோ வட்டவிதானைமார், வயலுக்கு நீர் பங்கிடும் ஊர்ப் பொறுப்பாளர்கள், இருந்திருப்பார்கள்.

கஜபாகு விட்டுப்போனது கட்டடம் அல்ல, கதை. கந்தளாய் என்ற பெயருக்கு ஊரில் சொல்லும் விளக்கம் பலருக்குத் தெரிந்திருக்கும். கோணேசர் கோயிலை இடிக்க வந்த கயவாகு கண்பார்வை இழந்தான். பிறகு கோணேசரை வேண்டி, இந்த இடத்தில் பார்வை பெற்றான். கண் தழைத்த ஊர் கண்தழை, அது கந்தளாய் ஆனது. சொற்பிறப்பாக இதை ஏற்க முடியாது. ஆனால் ஊர் ஓர் அரசனை எப்படி நினைவில் வைக்க விரும்பியது என்பதற்கு இது நல்ல சான்று. இடிக்க வந்தவன் என்ற பகுதி எங்கிருந்து வந்தது? கோகர்ணத்தில், அதாவது இதே கோணமலையில், தேவர் கோயிலை அழித்து விகாரை கட்டியதாக மகாவம்சம் சொல்லும் அரசன் மகாசேனன், 3ஆம் நூற்றாண்டின் இறுதியில். அந்தப் பழைய காயத்தின் நினைவும், பிற்காலத்தில் சைவரோடு இணங்கி வாழ்ந்த பௌத்த அரசனின் நினைவும் ஒரே ஆளில் வந்து சேர்ந்திருக்கின்றன என்று எனக்குப் படுகிறது. மக்கள் மகாசேனனுக்குத் தண்டனையும் கஜபாகுவுக்குக் கண்ணும் கொடுத்து, இருவரையும் ஒருவனாக்கிவிட்டார்கள்.

நாட்டை ஒன்றாக்குவது, நீரைத் தேக்குவது, சட்டம் எழுதுவது என்ற அளவுகோலில் கஜபாகு பராக்கிரமபாகுவுக்குப் பக்கத்திலும் வர மாட்டான். தன் சமயம் அல்லாத மக்கள் தன்னை நம்பும்படி வாழ்வது, இரத்தம் சிந்துவதை நிறுத்துவதற்காக இருக்கும் நாட்டை எழுதிக் கொடுப்பது என்ற அளவுகோலில் பராக்கிரமபாகு வர மாட்டான். திருமலையில் இருந்து பார்க்கும் எனக்கு இரண்டாவது அளவுகோல் சிறியதாகத் தெரியவில்லை.

பராக்கிரமபாகுவுக்குச் சேர வேண்டிய இன்னொன்றும் உண்டு, அதைச் சொல்லும் கல் கந்தளாயிலேயே கிடைத்தது. நிசங்கமல்லனின் கல்லாசனம் அது. சதுர்வேதப் பிராமணர் வாழ்ந்த இந்த ஊரில் பார்வதி பெயரால் ஓர் அன்னசத்திரம் அமைத்து, அங்கே தானம் வழங்குவதைப் பார்த்தபடி அரசன் உட்கார்ந்த இருக்கை இது என்று அதில் எழுதியிருக்கிறது. கஜபாகு இறந்து நாற்பது ஆண்டளவு ஆகியிருந்தது. அதில் 33 ஆண்டு நாடு பராக்கிரமபாகுவின் கையில். பொய்ச்சமய முள் என்று அவனுடைய நூல் வைத ஊர் அவன் ஆட்சி முழுவதும் அப்படியே இருந்து, பின்னால் வந்த அரசன் உட்கார்ந்து பார்க்க, அந்தணருக்கும் ஏழைகளுக்கும் சோறு போட்டுக்கொண்டிருந்தது.